கூரை தாங்கும் சுமை

ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்த வ. உ. சிதம்பரனார், அலையோசை எட்டாத கரிசல் மண்ணிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்று, 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் என்பதை நம் வாசகர்கள் அறிவர். அவர் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள புதியம்புத்தூரிலிருந்து சென்ற திங்கள் நமக்கு ஒரு மடல் வந்தது. அதுவும் கடலில் ஓடும் கலத்தைப் பற்றியதே. ஆனால் அக்கலம் கடலில் எவ்வாறு செல்லும் என்பதன்று அங்கே வினா. கரிசற்காட்டுச் சாலையில் அதனை எவ்வாறு கொண்டு செல்வது என்பதே வினா.

மடலை எழுதியவர் ஒரு தையற்கூடத்தின் உரிமையாளர். புதியம்புத்தூர் ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அன்றோ! தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அங்கே தையல் இயந்திரங்களின் ஒலி இரவிலும் ஓய்வதில்லை. தைத்த துணிகளை மூட்டை மூட்டையாகக் கட்டி, தம் காரின்மேல் பொருத்திய இரும்புக் கேரியரில் ஏற்றி, லாரி புக்கிங் ஆபீசில் சேர்ப்பது இவர் வழக்கம். இவருடைய மகன் தூத்துக்குடியில் கல்லூரி மாணவன். அங்கே கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொண்டு, சேர்த்து வைத்த பணத்தில் பழைய படகு ஒன்றையும் வாங்கிவிட்டான். கரையில் அதனை வைக்கப் பாதுகாப்பான இடமில்லை. ஆகவே வீட்டில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் காரின்மேல் ஏற்றிச் செல்ல விரும்புகிறான்.

"மூட்டை ஏற்றுகிற கேரியர் இருக்கிறதே, தம்பி, அதிலேயே கட்டிக்கொண்டு போ" என்கிறார் தந்தை. அதற்கெனத் தனியே செய்யப்பட்ட தாங்கி வேண்டும் என்கிறான் மகன். அதன் விலைக்குத் தையற்கூடத்துக்கு ஓர் இயந்திரம் வாங்கிவிடலாமே என்பது தந்தையின் மனத்தாங்கல். காரின் தலைமேல் படகும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம் என்கிறார் தாயார். மூவருள் யார் கூற்று சரி என்று கேட்டிருக்கிறார்கள்.

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள், விலங்குகளின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி வேட்டைக்காகச் செய்துகொண்ட படகு. நம் கடற்கரை மக்களின் கட்டுமரம் ஆங்கிலத்துக்குச் சென்று 'கேட்டமரான்' ஆனதுபோல, அவர்களுடைய சொல்லும் உலகெங்கும் பரவிற்று. இன்று விற்பனையாகும் கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இம்மாணவனின் படகு மூன்றரை மீட்டர் நீளமும் 25 கிலோ எடையும் உடையதாம்.

இருபத்தைந்து கிலோ என்ன பெரிய சுமை என்று தோன்றலாம். அங்கேதான் நாம் முதலில் நிற்க வேண்டும். எந்தத் தாங்கியை வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்பதே முதற்கேள்வி. காருடன் தரப்படும் கையேட்டில் இதற்கென ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 50 கிலோ அளவிலும், பெரிய வண்டிகளுக்கு 75 அல்லது 100 கிலோ அளவிலும் இருக்கும். கூரையில் சுமையே ஏற்றலாகாது என்று கூறும் கையேடுகளும் உண்டு. தாங்கியின் எடையும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மேலும், தாங்கிக்கென்று தனியே ஓர் எடை வரம்பு உண்டு. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே நமக்கு எல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கூரையின் அளவு 50 கிலோ என்று கொள்வோம். இரண்டு அலுமினியக் குறுக்குச் சட்டங்களும் பிடிப்பான்களும் 6 கிலோ. படகை அணைத்துப் பிடிக்கும் தாங்கு கைகள் 3 கிலோ. படகு 25 கிலோ. ஆகமொத்தம் 34 கிலோ. இது எல்லைக்கு உட்பட்டதே. நண்பனின் படகையும் ஏற்றினால் அறுபதைத் தாண்டிவிடும், அது கூடாது.

இனித் தந்தையாரின் கணக்கு. இரும்புக் கேரியரே 20 கிலோ இருக்கும். துணிமூட்டை ஒன்று 30 கிலோ என்றாலும், மூன்று மூட்டைகளுக்கு 90 கிலோ. இரண்டும் சேர்ந்து 110 கிலோ! மகனின் படகைப் பற்றி எழுந்த கேள்வி, பல தீபாவளிகளாக யாரும் கேளாதிருந்த வேறொரு கேள்வியை வெளிக்கொணர்ந்துவிட்டது. "இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லை" என்று அவர் எழுதியிருக்கிறார். அவ்வாறு ஆகாதிருந்தமைக்காக மகிழ்வோம்; ஆனால் அதனைச் சான்றாகக் கொள்ளாதிருப்போம்.

ஆண்டுகள் சிலவற்றுக்கு முன் எட்டயபுரம் சாலையில் நாம் கண்ட காட்சி இன்றும் கண்முன் நிற்கிறது. முன்னே சென்ற காரின் கூரையிலிருந்து கயிறு அறுந்து ஒரு மூட்டை சாலையில் உருண்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கணவனும் மனைவியும் அதில் மோதி விழுந்தனர். உயிருக்கு மோசமில்லை; அப்பெண்ணின் கை முறிந்தது. காரை ஓட்டியவர் நல்ல மனிதர். அவரே அவர்களை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். "நன்றாகத்தான் கட்டினேன்" என்பதையே வழிநெடுகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரைமேல் ஏற்றிய சுமை வண்டியின் எடையை மட்டும் கூட்டுவதில்லை. அதன் எடைமையத்தையும் உயர்த்திவிடுகிறது. குறுக்கே ஓர் ஆடு ஓடி, ஓட்டுநர் சட்டெனச் சக்கரத்தைத் திருப்பும்போது வண்டி சாயத் தலைப்படுவது இதனாலேயே. காற்றின் விசையோ வேகத்தின் இருமடிப்படி வளர்வது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் படகின்மேல் மோதும் காற்று, எண்பதில் நான்கு மடங்கு வலிமையோடு மோதும். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது ஏன் என்பதை நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடுக்க மரமில்லாத கரிசல் வெளியில் ஆடிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, கூரைமேல் இருக்கும் படகு ஒரு பாய்மரத்தையே ஒக்கும்.

அடுத்து, தாங்கி கூரையை எதனால் பற்றுகிறது என்று பார்க்க வேண்டும். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரில், கூரையின் இருபுறமும் மழைநீர் வடியும் விளிம்பு உண்டு. கேரியரின் கால்கள் அவ்விளிம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். இக்காலக் கார்களில் அவ்விளிம்பு இல்லை. சிலவற்றில் 'ரூஃப் ரெயில்' என்னும் பக்கக் கம்பிகள் கூரையோடு உறுதியாக முடுக்கப்பட்டிருக்கும். அவையே தாங்கிக்கு நல்ல பிடிமானம். ஆனால் நம் நாட்டில் விற்கப்படும் பல கார்களில் இக்கம்பிகள் வெறும் அழகுக்காக ஒட்டப்பட்டவை, சுமை தாங்கா. கையேட்டைப் பார்த்தோ, காரை விற்ற நிலையத்தில் கேட்டோ இதனைத் தெளிந்துகொள்வது கட்டாயம். கம்பியே இல்லாத கூரையாயின், கதவுச் சட்டத்தைப் பற்றும் பிடிப்பான்கள் வேண்டும். அவை அந்தந்தக் கார் மாதிரிக்கென்றே செய்யப்பட்டவை. வேறு வண்டியின் பிடிப்பானை இதில் மாட்டுதல் ஆபத்து.

மூட்டைக்கேற்ற கேரியர் படகுக்கு ஏற்குமா? ஏற்காது. மூட்டை மென்மையானது, எவ்வடிவத்துக்கும் இணங்கும். படகோ நீண்டது, வளைந்த அடியுடையது. இரும்புக் கேரியரின் விளிம்புகள் படகை ஓரிரு இடங்களில் மட்டுமே தாங்கும். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது அவ்விடங்களில் குழி விழுந்துவிடும். ஆகவே இரண்டு குறுக்குச் சட்டங்களும், அவற்றின்மேல் நுரைமெத்தை பொதிந்த தாங்கு கைகளும் தேவை. 'ஜே' எழுத்தின் வடிவிலுள்ள கைகள் படகை ஒருக்களித்து நிறுத்தும். பிளாஸ்டிக் படகு அந்நிலையில் எளிதில் நெளியாது. செலவு மிகுதியெனில், சட்டங்களின்மேல் தடித்த நுரைத்துண்டுகளை வைத்துப் படகைக் கவிழ்த்துக் கட்டலாம். இரு சட்டங்களுக்கும் இடையே படகின் நீளத்தில் மூன்றிலொரு பங்கேனும் இருப்பது நன்று; இப்படகுக்கு ஏறத்தாழ 115 சென்டிமீட்டர். கூரை குட்டையான காரில் இது முழுதும் கிட்டாது. அங்கே முன்பின் கயிறுகள் இன்றியமையாதவை ஆகின்றன.

கட்டும் முறையிலும் கருத்து வேண்டும். நைலான் கயிறு நனைந்தால் நீளும்; முடிச்சு தளரும். பாலியெஸ்டர் பட்டையே ஏற்றது. லாரிச் சுமையை இறுக்கும் நெம்புப் பட்டைகள் படகை நசுக்கிவிடும். கையால் இழுத்து இறுக்கும் கொக்கியுள்ள இரு பட்டைகள் போதும். படகின் முனையிலிருந்து ஒரு கயிறும் வாலிலிருந்து ஒரு கயிறும் காரின் இழுவை வளையங்களுக்குச் செல்லட்டும். புறப்பட்டு ஐந்து கிலோமீட்டர் சென்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஊர் திரும்பியதும் படகை நிழலில் இறக்கி வையுங்கள்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அனுமதித்த அளவை மீறி முன்னோ, பின்னோ, பக்கத்திலோ, உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சிறிய கார்கள் பலவும் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ளவை. மூன்றரை மீட்டர் படகைக் கவனமாக வைத்தால் அது முன்னும் பின்னும் நீட்டாது. தாங்கி பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சொந்தக் காரில் வியாபாரச் சரக்கை ஏற்றுவதைப் பற்றியும் அப்போதே கேட்டறியலாம்.

இனித் தீர்ப்பு. படகுக்குத் தனித்தாங்கி வேண்டும் என்ற மகனின் கூற்று சரி. ஆனால் ஒரு படகுக்கு மேல் ஆசை கூடாது. பணத்தைப் பார்த்துச் செலவிட வேண்டும் என்ற தந்தையின் கவலையும் நியாயமே. அத்துணைச் செலவு இயலாதெனில், காற்றடைத்து மிதக்கவிடும் கயாக்குகள் உள்ளன. மடித்துப் பையிலிட்டு டிக்கியில் வைத்துவிடலாம். மூட்டைகளை மட்டும் இனிக் 'குட்டியானை' வண்டியில் அனுப்பட்டும். பண்டிகை நாட்களில் அவ்வாடகை சற்று மிகுதிதான். சாலையில் விழும் ஒரு மூட்டையின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகுதியன்று.

மூவருள்ளும் உண்மைக்கு மிக அருகில் நின்றவர் தாயாரே. அவர் எடைக் கணக்கை அறிந்தவரல்லர். எனினும் தலைமேல் ஏற்றும் சுமை அச்சத்துக்குரியது என்பதை அறிந்திருந்தார். காரின் கூரை பாரம் தாங்காமல் முனகுவதில்லை. முறியும் நாள்வரை வாய்பேசாது சுமக்கும். நம் வண்டிக்குப் பின்னால் முகம் தெரியாத ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கிறது. அவர்களும் நம் அயலாரே. நாம் கட்டும் ஒவ்வொரு முடிச்சையும், நம்மை அறியாத அவர்கள் நம்பி வருகிறார்கள்.