சங்கிலி சிகிச்சையல்ல!



2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகள். கால்களில் சங்கிலி. ஓட வழியில்லை. 28 உயிர்கள் போயின.

சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்குத் தீயைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற விதி எதற்காக? தீப்பிடித்தால் மனிதன் ஓடித் தப்ப வேண்டும் என்பதற்காக! ஏர்வாடியில் மனிதனே அல்லவா பூட்டப்பட்டிருந்தான்?

"அடிக்க வருகிறான், பாத்திரத்தை எறிகிறான், கட்டிப் போடாமல் என்ன செய்வது?" என்று கேட்கும் தாயின் வேதனை நியாயமானது. அதற்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 95-வது பிரிவில், சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 97-வது பிரிவு, மருத்துவமனையில் நோயாளியைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்த நிபந்தனைகள் விதிக்கிறது. அவருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து இருக்க வேண்டும். அதைத் தடுக்க வேறு வழியே இருக்கக் கூடாது. மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். காரணமும் நேரமும் பதிவாக வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்றும் கட்டக் கூடாது. மருத்துவருக்கே இத்தனை நிபந்தனை என்றால், வீட்டுத் தூணில் வருடக்கணக்கில் கட்டி வைக்க நமக்கு ஏது உரிமை?

மார்க்கம் என்ன சொல்கிறது? புத்தி பேதலித்தவர் மீது, தெளிவு திரும்பும் வரை, தொழுகையும் நோன்பும் கடமையில்லை. அவர் செயலுக்குப் பாவமும் எழுதப்படுவதில்லை. படைத்தவனே குற்றம் பிடிக்காத ஒருவருக்கு நாம் விலங்கு மாட்டுவதா?

1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பிரிவே இருந்தது. மருத்துவம் செய்வது ஈமானுக்கு எதிரானது என்று நம் முன்னோர்கள் நினைக்கவில்லை. ஏர்வாடி தர்காவிலும் பின்னாளில் துஆவோடு மருந்தும் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. துஆ செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஒருவர் ஆவேசப்படும்போது கூட்டம் கூட்டாதீர்கள். கத்தி, அரிவாளை அப்புறப்படுத்துங்கள். ஒருவர் மட்டும், சற்றுத் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் பேசட்டும். பசியா, வலியா, பயமா என்று கேளுங்கள். கட்டுக்கடங்காமல் போனால் 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது.

வியாபாரப் பெருமக்களே! பல குடும்பங்கள் சங்கிலியைத் தேடுவது கல்நெஞ்சத்தால் அல்ல. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், ஊருக்குத் தெரிந்தால் மகளின் திருமணம் நின்றுவிடும் என்ற அச்சத்தால்தான். கூலியையும் பஸ் செலவையும் பைத்துல்மால் ஏற்கட்டும். ஊர் வாயை ஜமாஅத் அடைக்கட்டும்.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் எந்த வீட்டின் பின்கட்டில் யார் பூட்டிக் கிடக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஜும்ஆவுக்குப் பின் இருவராகச் சென்று அந்தக் கதவைத் தட்டுங்கள். பூட்டு திறக்கும் வரை தட்டுங்கள்!