யானையும் பாகனும்

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் இளைஞர் வரிசை நிற்கிறது. தோளிலே பை; கழுத்திலே அடையாள அட்டை; கண்ணிலே கலையாத உறக்கம். கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்று ஒரகடத்துக்கு, ஒன்று திருப்பெரும்புதூருக்கு, ஒன்று மறைமலை நகருக்கு. மற்றொரு பக்கத்திலே, சானடோரியம் நிலையத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கிய பெண்கள், 1984ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஏற்றுமதி வளாகமான ‘மெப்ஸ்’ வாயிலை நோக்கி விரைகிறார்கள். தென்சென்னைப் புறநகரின் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் விடிகிறது.

“பெரிய கம்பெனியிலே வேலை கிடைக்கட்டும்!” படித்து முடித்த பிள்ளைக்கு இன்று பெற்றோர் வழங்கும் வாழ்த்து இதுதான். கிடைத்துவிட்டால் தெருவுக்கே இனிப்பு வழங்குகிறார்கள். கிடைக்காதவன் தெருவிலே தலைகுனிந்து நடக்கிறான். நம் தோழர்களிடையேயோ இருவேறு பேச்சு. பெரிய நிறுவனம் என்றாலே இரத்தம் உறிஞ்சும் அட்டை என்பார் ஒரு சாரார். ஊரை வாழவைக்க வந்த கற்பகத்தரு என்பார் மற்றொரு சாரார். வீட்டிலே பிள்ளை வந்து, “அப்பா, போகட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டால் மட்டும் இரு சாராரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு விடை சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

நன்மையை முதலில் பேசுவோம். அதை மறைத்துவிட்டுத் தீமையை மட்டும் பறைசாற்றுவது நேர்மையன்று.

பம்மலிலோ குரோம்பேட்டையிலோ ஒரு சிறு லேத்துப் பட்டறையை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் இரண்டு, ஆட்கள் ஆறு பேர். முதலாளி தீயவர் அல்லர். தாமும் எண்ணெய்க் கறையோடு உடன் நின்று உழைப்பவர். தொழிலாளியின் தங்கை திருமணத்துக்கு முன்பணம் தருபவர். அங்கே ஓர் இளைஞன் இரண்டாண்டு இருந்தால் தொழிலை அடி முதல் நுனி வரை கற்றுக்கொள்வான். ஆனால், ஆர்டர் வராத மாதத்தில் கூலியும் வராது. இயந்திரம் விரலைத் தின்றுவிட்டால் முதலாளி மருத்துவமனைக்கு உடன் வருவார்; விரலுக்கு ஈடு தர அவரிடம் என்ன இருக்கிறது? முதுமைக்கு என்ன இருக்கிறது? நல்ல மனம் இருக்கிறது. நல்ல மனத்தை வங்கியிலே போட்டு வட்டி வாங்க முடியுமா?

பெரிய நிறுவனத்திலே திங்கள் தவறாமல் ஊதியம் வருகிறது. வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. மருத்துவம், போனஸ், பணிக்கொடை, உணவுக் கூடம், பேருந்து, காப்புக் கருவிகள், பயிற்சி எல்லாம் உண்டு. ஊதியச் சீட்டைக் காட்டினால் வங்கி கடன் தருகிறது. அப்பன் பெயர் என்ன, சாதி என்ன என்று கேட்டுக் கூலியை நிர்ணயித்த பண்ணையார் வீட்டு முற்றத்தைவிட, அட்டையைக் காட்டினால் திறக்கும் ஆலை வாயில் மேலானது என்பதில் ஐயமில்லை. திருவண்ணாமலைச் சீமையின் சிற்றூரில் பிறந்த பெண், தன் கையால் ஈட்டிய பணத்தைத் தன் பெயரில் போட்டு வைத்தாள் என்றால், அது சிறு மாற்றமா?

ஆனால் தோழர்களே, இந்த நன்மைகள் எங்கிருந்து வந்தன? முதலாளியின் அருளிலிருந்தா? இல்லை. எண்ணிக்கையிலிருந்து வந்தன!

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் புரட்டுங்கள். 250 தொழிலாளருக்கு மேல் இருந்தால் உணவுக் கூடம் வேண்டும் என்றது அது. பெண் தொழிலாளர் 30 பேருக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 500 பேர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது. 1952ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டம் 20 பேர் என்று எண்ணியது. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டமும் 20 என்று எண்ணியது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் 10 என்று எண்ணியது. ஒரு கூரையின் கீழ் எத்தனை தலைகள் என்று எண்ணிப் பார்த்த பிறகே சட்டம் வாய் திறக்கிறது. தலைகள் மிகுந்த இடத்தில் உரிமைகளும் மிகுந்தன. பட்டறைத் தொழிலாளியிடம் இல்லாததும் ஆலைத் தொழிலாளியிடம் இருப்பதும் அந்த எண்ணிக்கை ஒன்றுதான்.

அந்தச் சட்டங்களும் தாமாக முளைத்தவை அல்ல. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அடிகோலினர்; வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள் கொடுத்தார். ஆலை முதலாளிகள் நீதிமன்றம் சென்று வாடியா மீது தடையாணை பெற்றனர். சங்கம் வைப்பதே குற்றம் போன்ற நிலை! அந்த வழக்கு எழுப்பிய கொந்தளிப்பின் விளைவுகளுள் ஒன்றே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். ஆனால் அதே ஆலையின் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் சாதியின் பெயரால் பிளவுண்டது, புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன, தொழிலாளர் தோற்றனர். ஒன்றாக எண்ணப்பட்டபோது வென்றவர்கள், சாதி சாதியாக எண்ணப்பட்டபோது வீழ்ந்தார்கள். இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

இனித் தீமைக்கு வருவோம்.

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது பழமொழி. யானைக்கு அது சரி. பாகனுக்கு?

தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பகுதியிலே ஒரு யானை இருந்தது. 1948ஆம் ஆண்டு தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அது. 1961ஆம் ஆண்டு முதல் அங்கே உருவான ‘ஹெரால்டு’ கார் நாடெங்கும் ஓடியது. அங்கே வேலை என்றால் பெண் கொடுக்க முந்திய காலம் அது. 1985ஆம் ஆண்டு ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை இறக்கினார்கள். தோற்றம் புதிது, உள்ளே இருந்த இயந்திரமோ பழைய மரபைச் சேர்ந்தது, எரிபொருளை அள்ளிக் குடித்தது. 1988ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. அந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தவன் தொழிலாளியா? அதைப் பற்றி அவனை ஒரு சொல் கேட்டார்களா? முடிவு எடுத்தவர்கள் வேறு. முடிந்து போனவர்கள் வேறு. ஆலை நின்றிருந்த நிலத்திலே இன்று அடுக்குமாடிகளும் கணினி நிறுவனக் கட்டடங்களும் ஓங்கி நிற்கின்றன. இறந்த யானைக்கும் ஆயிரம் பொன் கிடைத்தது.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2013ஆம் ஆண்டு வரி வழக்கு மூண்டது. 2014ஆம் ஆண்டு, கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது இந்த ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இயக்கம் நின்றது. வழக்கு அரசுக்கும் நிறுவனத்துக்கும். விற்பனை பின்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும். வேலை போனது வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும்!

பல்லாவரத்திலே வாழ்ந்த தமிழ்க்கடல் மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகரிலே, ஃபோர்டு கார் ஆலை 1999ஆம் ஆண்டு முதல் நின்று விளங்கியது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது நிறுவனம். 2022ஆம் ஆண்டில் அங்கே கார் உற்பத்தி முடிந்தது. மேலான இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் போராட வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டு, அதே ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்க விருப்பம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. வரட்டும், வரவேற்போம். ஆனால், கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் தவணையில் வீடு வாங்கியவனுக்கு வங்கி இடைப்பட்ட ஆண்டுகளைத் தள்ளுபடி செய்யுமா?

இதுதான் பெரிய நிறுவனத்தின் பெருங்குறை. பட்டறை முதலாளியை நேரில் கண்டு முறையிடலாம். பெரிய நிறுவனத்தின் முடிவோ கடல் கடந்த ஊரிலே, நம் மொழியும் முகமும் அறியாதவர் கூடும் அறையிலே பிறக்கிறது. தொழில் தேர்ச்சியும் அப்படியே. பத்தாண்டு ஒரே இடத்தில் நின்று ஒரே பாகத்தைப் பொருத்தியவன், வாயில் மூடிய மறுநாள் தனக்குத் தெரிந்த தொழில் எது என்று திகைக்கிறான்.

அதற்கும் மேலான வஞ்சம் ஒன்று உண்டு. எண்ணிக்கையிலிருந்து உரிமை பிறக்கிறது என்பதை நாம் மறந்தாலும் அவர்கள் மறப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையையே உடைக்கிறார்கள். ஒரே வாயில், ஒரே வேலை; ஆனால் ஒருவன் நிரந்தரம், ஒருவன் ஒப்பந்தம், ஒருவன் பயிற்சியாளன். ஊதியத்திலே பாதி வேற்றுமை. பெயர்ப் பலகை பெரிய நிறுவனத்துடையது. வருகைப் பதிவேடு ஒப்பந்தக்காரனுடையது. பெரிய கம்பெனியில் வேலை என்று ஊரார் வாழ்த்தி அனுப்பிய பிள்ளை, அங்கே போய்ச் சேர்வது ஒரு சிறிய ஒப்பந்தக்காரனிடம்!

சட்டமும் இன்று அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. விசையோடு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 20 பேர் வேண்டும் என்கிறது, 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொகுப்புகளுள் ஒன்று. 100 தொழிலாளர் உள்ள ஆலையை மூடவும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது பழைய நிலை. 300 பேர் இருந்தால்தான் அனுமதி என்பது புதிய நிலை. 299 பேர் உள்ள ஆலையின் கதவு, அரசைக் கேளாமலே மூடலாம். எண் மாறினால் வாழ்வு மாறுகிறது. இதை உணராதவன் அரசியலை உணராதவன்.

அப்படியானால் வழி என்ன? அண்மை நிகழ்ச்சிகளே வழி காட்டுகின்றன. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சேர்ந்தபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலே அமர்ந்தனர். அதுவரை எவர் காதிலும் விழாத விடுதிக் குறைகள், கடல் கடந்த நிறுவனத்தின் செவி வரை எட்டின. 2024 செப்டம்பர் 9ஆம் நாள் சாம்சங் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அவர்களுடைய சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது. 1918இல் கேட்ட உரிமையை 2024இலும் கேட்க வேண்டியிருந்தது என்பது வேதனை. கேட்டவர் பெற்றனர் என்பது ஊக்கம்.

கண்ணாடி மாளிகைகளில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் ஒரு சொல். “நாங்கள் தொழிலாளர் அல்லோம், பொறியாளர்” என்று எண்ணி இருந்தீர்கள். 2025 சூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பொறியாளர் என்ற பட்டம் எவருக்கும் குடை பிடிக்கவில்லை. உங்களுக்கும் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. கையில் இருக்கும் குடையை விரிக்காமல் மழையைப் பழித்து என்ன பயன்?

ஆகவே, கேட்கும் பிள்ளைக்கு இப்படிச் சொல்வோம். போ, தம்பி; போ, தங்கையே; தயங்காமல் போ. ஆனால் நிறுவனத்தை வணங்கப் போகாதே. வேலை செய்யப் போ. எந்தப் பெயரில் உன் நியமனக் கடிதம் இருக்கிறது என்று முதல் நாளே பார். வைப்பு நிதிக் கணக்கைத் திங்கள்தோறும் சரிபார். ஓர் ஊதியத்தை நம்பி இருபதாண்டுக் கடனைத் தலையில் ஏற்றாதே. ஒரு பாகத்தைப் பொருத்துவதோடு நின்றுவிடாமல் முழு இயந்திரத்தையும் கற்றுக்கொள். பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியை வேற்றாளாக நினையாதே. அவனுடைய ஊதியம் தாழ்ந்திருக்கும் வரை உன்னுடைய ஊதியத்துக்கும் உறுதி இல்லை.

அரசுக்குச் சொல்வோம். நிலமும் மின்சாரமும் வரிச் சலுகையும் தந்து நிறுவனத்தை அழைக்கும் ஒப்பந்தத்திலே, வரும் நாளைப் போலவே போகும் நாளுக்கும் விதி எழுதுங்கள். தொழிலாளரின் இழப்பீட்டுக்கு முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்குங்கள். பம்மல் பட்டறைக்கும் பக்கத்துத் தெரு முதலாளிக்கும் கடனும் ஆர்டரும் கிடைக்க வழி செய்யுங்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை நம் நாட்டுக்கு வேண்டாம்.

நம் தோழர்களுக்கும் சொல்ல வேண்டும். கூட்டம் போட்டுப் பேசினால் மட்டும் போதாது. விடியற்காலையில் எழுந்து அந்தப் பேருந்து வரிசைக்குப் போக வேண்டும். இன்று அங்கே நிற்பவர் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்பவனின் பெயர் பின்னால் நிற்பவனுக்குத் தெரியாது. அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் நாளிலேதான் நம் வேலை தொடங்கியதாகப் பொருள். நாளை காலை ஐந்தரை மணிக்கு முதல் பேருந்து வருகிறது.