சகலதுறை ஆட்டக்காரரை அளக்கும் கோல்

பாரதக் கதையில் அருச்சுனனுக்கு வழங்கும் பல பெயர்களுள் சவ்வியசாசி என்பதும் ஒன்று. இரு கையாலும் ஒருபோல அம்பெய்ய வல்லவன் என்பது அதன் பொருள். கிரிக்கெட்டிலும் அத்தகையோர் உளர். துடுப்பாட்டம், பந்துவீச்சு ஆகிய இரண்டிலும் வல்ல அவர்களைச் சகலதுறை ஆட்டக்காரர் என்கிறோம். அவர்களுள் தலைசிறந்தவர் யார் என்னும் வாதம் வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் ஓய்வதில்லை. ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறோமேயன்றி, எந்தக் கோல் கொண்டு அளப்பது என்பதை முதலில் தீர்மானிப்பதில்லை.

கணக்கறிந்தோர் கையாளும் எளிய வழி ஒன்றுண்டு. ஒருவரது துடுப்பாட்டச் சராசரியிலிருந்து பந்துவீச்சுச் சராசரியைக் கழிப்பதே அது. மிச்சம் பெரிதாயின் ஆட்டக்காரரும் பெரியவர். மேற்கிந்தியத் தீவுகளின் கார்பீல்ட் சோபர்ஸ் துடுப்பாட்டத்தில் 57.78, பந்துவீச்சில் 34.03 என்னும் சராசரி உடையவர், மிச்சம் 23.75. இவ்வாறே தென்னாபிரிக்காவின் ஜக் கலிஸுக்கு 22.72, பாகிஸ்தானின் இம்ரான் கானுக்கு 14.88, இங்கிலாந்தின் இயன் பொத்தமுக்கு 5.14, இந்தியாவின் கபில் தேவுக்கு 1.41 என மிஞ்சுகின்றன.

ஆனால் இதே கோலால் இந்தியாவின் வினூ மன்காட்டை அளந்து பாருங்கள். துடுப்பாட்டச் சராசரி 31.47, பந்துவீச்சுச் சராசரி 32.32. கழித்தால் சுழியத்துக்கும் கீழே போய்விடுகிறார்! 1952ஆம் ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியபோது, 12 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் இவரே. அதே ஆண்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் 72, 184 என ஓட்டங்கள் குவித்தார். அவ்விரு இனிங்ஸுக்கும் இடையே 73 ஓவர்கள் வீசி 5 விக்கெட்டுகளும் பெற்றார். இந்தியா தோற்ற ஆட்டம் அது. ஆயினும் இன்றும் அது மன்காட்டின் பெயராலேயே நினைக்கப்படுகிறது. இத்தகையவரைச் சுழியத்துக்குக் கீழே தள்ளும் கோலில் அன்றோ குறை இருத்தல் வேண்டும்?

சராசரி ஒருவர் சுமந்த பாரத்தைக் காட்டாது என்பதே அக்குறை. கலிஸ் 166 டெஸ்ட் போட்டிகளில் 292 விக்கெட்டுகள் எடுத்தார். போட்டி ஒன்றுக்கு இரண்டுக்கும் குறைவு. சோபர்ஸ் 93 போட்டிகளில் 235, ஏறக்குறைய இரண்டரை. இம்ரானோ 88 போட்டிகளில் 362, நான்குக்கும் மேல். ஆகவே நாம் வேறு இரு வினாக்களைக் கேட்போம். ஒரு திறனை நீக்கினாலும் மற்றதன் வலிமையால் அவருக்கு அணியில் இடம் கிடைக்குமா? பந்துவீசிக் களைத்த அதே போட்டியில் துடுப்பாலும் அணியைத் தாங்கினாரா?

இரண்டாம் வினாவுக்குச் சில போட்டிகளே விடை கூறும். 1980இல் பம்பாயில் பொத்தம் சதம் அடித்து 13 விக்கெட்டுகளும் எடுத்தார். 1983இல் பைசலாபாத்தில் இம்ரான் சதத்தோடு 11 விக்கெட்டுகள் பெற்றார். தமிழரான ரவிச்சந்திரன் அஸ்வின் தாம் பிறந்த சென்னையின் சேப்பாக்கத்திலேயே, 2021இல் இங்கிலாந்துக்கும் 2024இல் பங்களாதேஷுக்கும் எதிராக, சதத்தோடு ஓர் இனிங்ஸில் 5 விக்கெட்டுகளுக்குக் குறையாமல் எடுத்துக் காட்டினார்.

சோபர்ஸ் ஒருவரே இடக்கையால் வேகப்பந்தும் இருவகைச் சுழற்பந்தும் வீசியவர். 109 பிடிகளும் எடுத்தவர். திறமையின் விரிவில் அவருக்கு நிகரில்லை. எனினும் பாரத்தை அளக்கும் கோலால் நான் இம்ரானையே முதலில் வைப்பேன். பந்துவீச்சுக் குறைந்த பிற்காலத்தில் துடுப்பாட்டக்காரராகவே அவர் அணியில் நிலைத்தார் என்பது முதல் வினாவுக்கும் விடையாகும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1982இல் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை முதல் டெஸ்டில் ஆடியது. பின்வந்தவர்களுள் சமிந்த வாஸ் 355 விக்கெட்டுகளும் 3089 ஓட்டங்களும் பெற்றார். ஆனால் சதம் ஒன்றே. அஞ்சலோ மெத்தியூஸ் 8000 ஓட்டங்களைக் கடந்தார். உடற்காயங்கள் அவரது பந்துவீச்சைக் குறைத்துவிட, விக்கெட்டுகள் 33 மட்டுமே. இருவரும் பெருவீரர்கள், ஆயினும் இரு பாரத்தையும் சமமாகச் சுமந்தவர் என இருவரையும் சொல்ல முடியாது.

சகலதுறை ஆட்டக்காரர் இருபது வயதில் திடீரெனத் தோன்றுபவர் அல்லர். சிறிய பாடசாலை அணியில் ஆள் போதாமையால், முதற்பந்தை வீசுபவனே முதல் துடுப்பையும் பிடிக்க நேர்கிறது. வன்னியின் நாட்டுப்புறங்களில் இதனைக் குறையென்றே பலர் எண்ணுவர். அவ்வாறு எண்ணற்க. அந்த மாணவனை அழைத்து, “இரண்டில் ஒன்றை விடு” என்று பெற்றோரோ பயிற்றுநரோ காலத்துக்கு முன்னே சொல்லிவிட வேண்டாம். உடல் முற்றும் வரை பந்துவீச்சை அளவோடு வைத்து, இரண்டையும் பழகவிடுங்கள். எது அவனுக்கு உரியது என்பதை ஆட்டமே பின்னர் தெரிவிக்கும். இரண்டும் உரியவையாயின், அதனினும் நன்று.