தளிர்க்கும் நாளைத் தவறவிட்டோம்

கன்று நடுவதில் நமக்கு ஆர்வம் குறையவே இல்லை. ஐப்பசி மழையில் குழி வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம், எத்தனை கன்று நட்டோம் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். எந்த மரம் எந்த நாளில் இலை கொட்டியது, எந்த நாளில் துளிர்த்தது என்பதற்கு மட்டும் அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. ஊர் ஊராக மரம் வளர்க்கும் குழுக்களாகக் கூடியிருக்கும் நாம் இந்தக் குறையை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மரம் பிழைக்குமா, நலியுமா என்பதில் அந்த நாட்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் துளிர்க்கின்றன. மழைக்காக அவை காத்திருப்பதில்லை. இலை போனதும் நீர் ஆவியாவது பெருமளவு நின்றுவிடும். வேர் ஆழத்திலிருந்து இழுக்கும் நீர் தண்டில் நிறையும். அந்த நீரும், முன்பே சேர்த்துவைத்த மாவுச்சத்தும் புதுத் தளிராகின்றன. வறள்காட்டு மரங்கள் பலவற்றுக்குத் தை பிறந்தபின் நீளும் பகலே துளிர்க்கச் சொல்லும் அறிகுறி. பங்குனியில் நாம் பார்க்கும் தளிர், கார்த்திகையில் பெய்த மழையின் செலவு.

வறட்சியில் ஏன் இந்த அவசரம்? முதுமலைக் காட்டில் கே.எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே மரங்கள் மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களிலேயே பெரிதும் தளிர்க்கின்றன. இலை தின்னும் பூச்சிகளோ மழை தொடங்கிய பிறகே பெருகுகின்றன. முந்தித் தளிர்த்த மரங்களின் இலைகளுக்குச் சேதம் குறைவு, பிந்தியவற்றுக்கு அதிகம். பூச்சி பெருகும்போது முந்திய இலை முற்றித் தடித்திருக்கும். மழை வந்த அன்றே உணவு தயாரிக்கவும் அது தயாராக இருக்கும்.

இந்தக் கணக்கு மண்ணின் ஆழத்தில் ஈரம் இருக்கும்வரைதான் செல்லும். ஈரம் இல்லாவிட்டால் தளிர் கருகும். மரம் மறுபடி துளிர்க்கத் தன் சேமிப்பில் மீண்டும் கைவைக்க வேண்டும். பெரிய மரம் அந்த இழப்பைத் தாங்கலாம். வேர் ஆழம் போகாத, சேமிப்பும் சிறிதாக உள்ள கன்றால் அப்படித் தாங்க முடியாது.

இதையெல்லாம் அறியக்கூடிய நிலையில் இருந்தும் நாம் என்ன செய்தோம்? மழைக்காலத்தில் நட்ட கன்றுக்குத் தை வரை தண்ணீர் ஊற்றினோம். மாசியில் இலை உதிர்ந்ததும் பட்டுப்போயிற்று என்று கைவிட்டோம். அதற்குத் தண்ணீர் மிகவும் தேவைப்பட்டது அப்போதுதான். கூண்டு சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. முதல் கொழுந்தை ஆடு மேய்ந்தது. உதிர்ந்த சருகைக் கூட்டி அடிமரத்திலேயே கொளுத்தினோம். ஈரம் காக்க வேண்டிய மூடாக்கும் போயிற்று, பட்டையும் வெந்தது. சேமிப்பெல்லாம் தளிருக்கு ஏறிவிட்ட பங்குனியில், வண்டி நிறுத்த இடைஞ்சல் என்று கிளையை வெட்டினோம். தூரைச் சுற்றிச் சிமெண்ட் பூசியபோது, கார்த்திகை மழை இனி எந்த வழியாக வேருக்குப் போகும் என்று நாம் கேட்கவில்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. மழைக்குக் கணக்கு இருக்கிறது. அந்தப் பங்குனியில் நம் தெரு வேம்புகள் பிந்தித் துளிர்த்தனவா, துளிர்த்தும் கருகினவா, எந்தக் கண்மாய்க்கரை மரம் தாக்குப்பிடித்தது? நம் பதிவேடுகளில் இதற்கு ஒரு வரி கிடையாது. அடுத்த வறட்சிக்கு வழிகாட்டியிருக்கக்கூடிய பாடத்தை நம் சோம்பலால் இழந்தோம்.

இதற்குப் பெரிய படிப்போ பணமோ தேவையில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் மரம் துளிர்க்கும் நாட்களைக் குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக 1958 வரை அதைத் தொடர்ந்தது. வெப்பம் கூடினால் மரங்கள் முந்தித் துளிர்க்கின்றன என்பதை ஆராய அந்தக் குறிப்புகள் பின்னாளில் உதவின. நமக்குப் பக்கத்திலேயே, சீசன்வாட்ச் திட்டத்துக்காகக் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் மரங்களை வாராவாரம் பார்த்துத் தளிர், பூ, காய் எழுதுகிறார்கள். பிள்ளைகளால் முடிந்ததை நமக்கு நேரமில்லை என்று தள்ளிவைத்தோம்.

இனி நட்ட கன்றின் எண்ணிக்கையை நம் சாதனையாகச் சொல்லவேண்டாம். ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் சில மரங்களைத் தேர்ந்து, தை முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை இலையுதிர்வையும் துளிர்ப்பையும் எழுதட்டும். மாசி, பங்குனியில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. கிளை கழிப்பதைத் தளிர் முற்றும்வரை தள்ளிவைக்க வேண்டும். சருகு தூரிலேயே மட்கட்டும். சிமெண்டை உடைத்து மண்ணைத் திறக்க வேண்டும். மூன்று கோடை தாண்டிய கன்றை மட்டுமே வளர்த்த மரம் என்று கணக்கில் சேர்ப்போம்.