திரைக்கு வெளியே இரண்டு மணி நேரம்

கைபேசியின் ஓயாத அறிவிப்புகளுக்கிடையே வாழ்கிறோம். வேண்டாதவற்றை ஒதுக்கி ஒன்றிலேயே மனத்தை நிறுத்தும் ஆற்றல், அதாவது ‘முனைப்புக் கவனம்’, நெடுநேரம் பயன்படுத்தினால் களைத்துவிடுகிறது என்பதும், இலையசைவும் நீரோட்டமும் முயற்சியின்றியே மனத்தை ஈர்ப்பதால் அதற்கு ஓய்வு கிடைக்கிறது என்பதும், அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இணையர் 1989இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கோட்பாட்டின் சாரமாகும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், வாரத்திற்கு 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தோர், அறவே செல்லாதோரைவிட நல்ல உடல்நலமும் மனநிறைவும் உடையவர்களாகத் தங்களைக் குறிப்பிடும் வாய்ப்பு மிகுந்திருந்தது. நலமுள்ளோர்தாம் மிகுதியாக வெளியே செல்கின்றனரோ என்ற ஐயத்தை அது முற்றிலும் நீக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும், நடந்து செல்லும் தொலைவில் மரநிழலே இல்லாத நகரவாசிக்கு வாரம் இரண்டு மணி நேரம் இயற்கையில் கழிக்கவேண்டும் என்ற அறிவுரையால் பயனில்லையாதலால், எஞ்சியுள்ள திறந்தவெளிகளை மனைகளாக மாற்ற உள்ளாட்சி அமைப்புகள் இனி அனுமதிக்கலாகாது.