கொப்பியில் எழுதிய செய்நிரல் ஓடாது

 

சாதாரண தரத்தில் ஐ.சி.ரி. எடுக்கும் நம் பிள்ளைகள் பாஸ்கல் படிக்கிறார்கள். உயர்தரத்தில் பைதன். ஆனால் பலர் செய்நிரலைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கி, பரீட்சைத் தாளில் இறக்கிவிட்டு வருகிறார்கள். அது கணினியில் ஓடுவதைப் பார்ப்பதே இல்லை. பாஸ்கலில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் கொப்பி பேசாமல் இருக்கும். கணினி உடனே நின்று, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று காட்டும். அந்தப் பிழையைத் தானே தேடித் திருத்துவதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

இதற்கு விலை கூடிய மென்பொருள் தேவையில்லை. பிரவுசரில் பாடத்தை வாசித்து, அதே பக்கத்தில் செய்நிரலை எழுதி, அங்கேயே இயக்கிப் பார்க்கலாம். 2018 இல் மொசில்லாவில் தொடங்கிய பயோடைட் என்ற இலவச மென்பொருள், பைதனைப் பிரவுசருக்குள்ளேயே ஓட வைக்கிறது. அதன் கோப்புகளைப் பாடசாலைக் கணினியில் இறக்கி வைத்தால், இன்டர்நெட் இல்லாத நாளிலும் பயிற்சி செய்யலாம்.

“பிள்ளைக்கு இங்கிலிஷ் வராதே” என்று பெற்றோர் தயங்குகிறார்கள். முத்தையா அண்ணாமலை 2007 இல் உருவாக்கத் தொடங்கிய ‘எழில்’ மொழியில் கட்டளைகளே தமிழ்தான். ‘பதிப்பி’ என்று எழுதினால் திரையில் காட்டும். நிபந்தனைக்கு ‘ஆனால்’, ‘இல்லை’ என்ற சொற்கள். எழில் பரீட்சைக்கு வராது, அதைக் காட்டி வேலையும் கேட்க முடியாது. உண்மைதான். ஆனால் நிபந்தனை என்றால் என்னவென்று சொந்த மொழியில் விளங்கிக்கொண்ட பிள்ளை, பைதனுக்குப் போகும்போது பாதிப் பயத்தை விட்டுவிட்டுப் போகும்.

ஒன்றில் கவனம் வேண்டும். திரையில் வரும் விடையைப் பார்த்துத் தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவுவது படிப்பல்ல. பக்கத்தில் ஒருவர் இருந்து, “இந்த வரி எதுக்கு?” என்று கேட்க வேண்டும். கேட்பவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையால் விளங்கப்படுத்த முடியாவிட்டால், அதற்கு இன்னும் விளங்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பாடசாலை விட்டதும் பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளை வாரத்தில் இரண்டு பின்னேரம் திறந்து வைப்போம். ரியூசனை நிறுத்துங்கள் என்று பெற்றோரிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு பின்னேரத்தை மட்டும் தாருங்கள். பழைய மாணவர்களும் கம்பஸ் பிள்ளைகளும் முறை வைத்து வந்து பக்கத்தில் இருங்கள். அதிபர்களிடம் சேர்ந்து போய்க் கேட்போம். இந்தத் தவணைக்குள்ளேயே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.