வயிறு நிறைந்தால் போதுமா?

தமிழ்நாட்டின் நியாய விலைக் கடைகள் சாதித்தது சிறிதல்ல. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. வேலை கிடைக்காத மாதங்களிலும் ஏழை வீடுகளில் உலை கொதிப்பதற்கு அந்த அரிசியே காரணம். ஆனால், பசி தீர்ந்ததா என்று கேட்ட அரசு, ஊட்டம் சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என நான் கருதுகிறேன்.

2019-21 ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அது 57.4%, முந்தைய ஆய்வில் 50.7% ஆக இருந்தது. அதே காலத்தில், அதிக உடல் எடை கொண்ட பெண்களின் விகிதம் 30.9 சதவீதத்திலிருந்து 40.4 சதவீதமாக உயர்ந்தது. சோகைக்குக் குடற்புழு, அடுத்தடுத்த பேறு எனப் பல காரணங்கள் உண்டு. முழுப் பழியையும் நியாய விலைக் கடைமீது சுமத்துவது பிழை. என்றாலும், அது எதைக் கொடுக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 கிராம். 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு, ஆளுக்கு 8 கிராம்தான். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல் நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகைகள் 85 கிராம் என்கிறது. ஆக, தானியத் தேவையில் மூன்றில் இரு பங்கை நிறைவேற்றும் கடை, புரதத் தேவையில் பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. மீதியை வெளிச்சந்தையில் வாங்க வேண்டும். வருமானம் குறையும் மாதத்தில் ஏழை வீட்டில் முதலில் குறைவது பருப்பும் காய்கறியும்தான்.

அந்த ஒரு கிலோவும் எப்போதும் உறுதியில்லை. 2024 மே மாதத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. விடுபட்டதை ஜூனில் பெற்றுக்கொள்ள அரசு அனுமதிக்க நேர்ந்தது. அரிசிக்கு இப்படி நேர்ந்திருந்தால் மாநிலமே கொந்தளித்திருக்கும். பருப்பை நாம் இன்னும் உரிமையாகக் கருதவில்லை.

வழி நமக்குத் தெரியாததல்ல. பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வழங்கும் மாநிலம் இது. சத்தீஸ்கரின் பழங்குடிப் பகுதிகளில் பொது விநியோகத்திலேயே கொண்டைக்கடலை தரப்படுகிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் முயற்சியும் தொடங்கப்பட்டது. இந்த விருப்பத் தேர்வை மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தலாம். அரிசியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் குடும்பம் கேழ்வரகோ, கூடுதல் பருப்போ, கடலையோ பெறட்டும். அரிசியே வேண்டும் என்போருக்கு ஒரு பிடிகூடக் குறையக் கூடாது.

செலவு கூடும் என்பது உண்மை. அரிசியைவிடப் பருப்பு பன்மடங்கு விலை உயர்ந்தது. எனவே, கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் உள்ள வீடுகளிலிருந்து தொடங்கலாம். பள்ளிச் சத்துணவின் முட்டை எட்டாத வயது அது. சோகை மிகுதியாகப் பதிவாகியிருப்பதும் அந்த வயதில்தான். அடுத்த நிதிநிலை அறிக்கையில் உணவு மானியத்துக்கு எத்தனை கோடி என்று மட்டும் பார்க்காமல், அதில் பருப்புக்கு எவ்வளவு என்றும் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.